நாளைக்கு வேணுங்கிறதை இன்னிக்கு ராத்திரியே சொல்லிடுங்க

"ஏம்பா, கப்பல்ல சாப்பாடு எல்லாம் ஃப்ரீயாமே, நெஜமா? இல்ல, நான் புளிக்காய்ச்சல் ஒரு டப்பா எடுத்துக்கினு போவட்டா?"

எதிர்வீட்டு அக்கா மொட்டை மாடியில வடாம் காயவெச்சுக்கிட்டே கேட்டாங்க. சிங்கப்பூர்ல இருக்கிற பொண்ணு டிக்கெட் போட்டிருக்கு. சிங்கப்பூர்ல ஏறி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பற நாலு ராத்திரிப் பயணம். அக்காவுக்கு 61 வயசு. வீட்டுக்காரருக்கு சுகர். ரெண்டு பேரும் ராயபுரத்துலயே பொறந்து வளர்ந்தவங்க. ராஜாஜி சாலையில பஸ்ல போறப்போ துறைமுக மதில் சுவருக்கு மேல கப்பலோட புகைபோக்கியைப் பார்த்திருக்காங்களே தவிர, உள்ள கால் வெச்சதில்ல.

நான் 16 வருஷம் பயணக் கப்பல் டைனிங் ஹால்ல தட்டு தூக்கினவன். அசிஸ்டென்ட் வெயிட்டரா சேர்ந்து, வெயிட்டராகி, கடைசி ரெண்டு கான்ட்ராக்ட் ஹெட் வெயிட்டரா இருந்துட்டு இறங்கிட்டேன். அக்காவுக்கு வடாம் காயற நேரத்துல சொன்னதைத்தான் இங்க எழுதறேன். அவங்க தங்கச்சி வீட்ல கேட்டாங்க, மச்சான் ஆபீஸ்ல கேட்டாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது.

மொதல்ல ஒண்ணே ஒண்ணை மனசுல வெச்சுக்குங்க. கப்பல்ல சாப்பாட்டு விஷயம் எல்லாமே முந்தின நாள் ராத்திரி முடிவாகுது. கப்பல் கிச்சனை நாங்க கேலின்னு சொல்வோம். சிரிக்காதீங்க, அதுக்குப் பேரே அதுதான். அந்தக் கேலிக்குப் பக்கத்துல அண்ணாச்சி கடை கிடையாது. வெங்காயம் தீர்ந்துபோனா பையனை அனுப்ப முடியாது. கறி, மீன் எல்லாம் கல்லு மாதிரி உறைஞ்சு கெடக்கும். அதைக் கீழ் ஸ்டோர்லேந்து எடுத்து, குளிர் ரூம்ல வெச்சு இளக்கவே ஒரு நாள், ரெண்டு நாள் ஆகும். நாளைக்கு ராத்திரி எத்தனை தட்டு, எந்த ஐட்டம்னு இன்னிக்கே கணக்குப் போட்டு பேப்பர் கீழ போயிடும். அதனால டேபிள்ல உக்காந்துக்கிட்டு "எனக்கு இப்பவே தோசை வேணும்"னு கேட்டா வெயிட்டர் சிரிச்சுக்கிட்டே நிப்பான், அவனால ஒண்ணும் செய்ய முடியாது. அதையே முந்தின நாள் ராத்திரி சொல்லியிருந்தா, தோசை இல்லேன்னாலும் பருப்பும் ரெண்டு காய்க் கூட்டும் வந்திருக்கும்.

டிக்கெட் போடும்போதே ஒரு கேள்வி கேட்பாங்க: ராத்திரி சாப்பாடு எந்த நேரம்? பழைய வழக்கப்படி ரெண்டு பந்தி. மொதப் பந்தி சாயங்காலம் அஞ்சரை, ஆறு மணிவாக்குல. ரெண்டாம் பந்தி எட்டு, எட்டரைக்கு. கடைசி நாள் வரைக்கும் அதே டேபிள், அதே நாற்காலி, அதே வெயிட்டர். இன்னொரு வகையில நேரம் கிடையாது, நினைச்சப்போ போகலாம், காலியா இருக்கிற டேபிள்ல உக்கார வைப்பாங்க. இந்த இஷ்டப்படி சாப்பிடற முறையை 2000ல நார்வீஜியன் குரூஸ் லைன் பெருசா ஆரம்பிச்சு வெச்சுது. அப்புறம் மத்தவங்களும் ஆளுக்கொரு பேர் வெச்சு எடுத்துக்கிட்டாங்க. டிஸ்னி கப்பல்ல இன்னும் வேடிக்கை: தினம் ஒரு ஹால் மாறும், ஆனா உங்க வெயிட்டரும் உங்ககூடவே மாறி வருவார். குயின் மேரி 2ங்கிற கப்பல்ல நீங்க எடுத்த ரூமோட விலைதான் எந்த ஹால்ல சாப்பிடணும்னு தீர்மானிக்கும். பணக்கார ரூமுக்கு குயின்ஸ் கிரில், அதுக்கு அடுத்தவங்களுக்கு பிரின்சஸ் கிரில், மத்தவங்களுக்கு பிரிட்டானியா. அந்தக் காலத்துல கப்பல்ல இருந்த மேல் வகுப்பு, கீழ் வகுப்பு வித்தியாசம் அங்க இன்னும் மிச்சம் இருக்குது.

ரெண்டு பந்தி ஏன் வந்துச்சுன்னா, ஏறின அத்தனை பேரும் ஒரே நேரத்துல உக்கார ஹால்ல இடம் பத்தல, அவ்வளவுதான். நம்ம ஊர் கல்யாண மண்டபக் கணக்குதான். முன்னெல்லாம் நீட்டு டேபிளும், தரையோட ஆணி அடிச்ச சுழல் நாற்காலியுமா இருந்துச்சு. டைட்டானிக்ல சாப்பாட்டுக்குக் கூப்பிட பியூகிள் ஊதினாங்க. நான் சேர்ந்த காலத்துல சில கப்பல்ல மணி மாதிரி ஒலிக்கிற சின்ன வாத்தியத்தைத் தட்டிக்கிட்டே வராண்டாவுல ஒருத்தர் நடப்பார்.

எந்தப் பந்தி நல்லதுன்னு அக்கா கேட்டாங்க. வீட்டுக்காரருக்கு சுகர் மாத்திரை, நேரத்துக்குச் சாப்பிடணும். அதனால கண்ணை மூடிக்கிட்டு மொதப் பந்தி நிர்ணய நேரம்னு போடச் சொன்னேன். இதுல ஒரு சங்கடம் இருக்குது. ஊர் சுத்தப் போன அன்னிக்கு அஞ்சு மணிக்குத் திரும்பி வந்து, வேர்வையோட ஓடி, முகம் கழுவி ஆறு மணிக்கு உக்காரணும். சுகர் இல்லாதவங்க, சின்னப் பசங்க இல்லாதவங்க ரெண்டாம் பந்தி போட்டுக்குங்க. அதுல வெயிட்டருக்கும் அவசரம் இருக்காது. உண்மையைச் சொல்லணும்னா மொதப் பந்தியில நாங்க உங்களை மெதுவா எழுப்பத்தான் பார்ப்போம். ஒரு வெயிட்டர் பார்த்துக்கிற டேபிள்களை ஸ்டேஷன்னு சொல்வோம், என் ஸ்டேஷன்ல 24 பேர். அவங்க எழுந்து போனதும் டேபிள் துணி மாத்தி, வெள்ளிக் கரண்டி அடுக்கி, அடுத்த 24 பேரை உக்கார வைக்க எனக்குக் கிடைக்கிறது அரை மணி நேரம். டேபிள்ல ரொட்டித் தூளைச் சுரண்டி எடுக்கிற சின்னத் தகடு ஒண்ணு சட்டைப் பையில வெச்சிருப்போம். அதை வெளியில எடுத்தோம்னா "கொஞ்சம் கிளம்புங்க சார்"னு அர்த்தம்.

அடுத்தது டேபிள் சைஸ். ரெண்டு பேர் டேபிள் கம்மி, எல்லாரும் அதைத்தான் கேட்பாங்க. எட்டுப் பேர் டேபிள்ல முன்பின் தெரியாதவங்களோட உக்காரணும். கொரோனாவுக்கு அப்புறம் கொஞ்ச நாள் அந்த வழக்கத்தையே நிறுத்தி, ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியா உக்கார வெச்சாங்க. இப்ப பழையபடி ஆயிடுச்சு. எனக்குக் கேட்டா எட்டுப் பேர் டேபிள்தான் சுவாரஸ்யம்னு சொல்வேன். ஆனா இங்கிலீஷ்ல பேசக் கூச்சப்படறவங்களுக்கு நாலு ராத்திரியும் பரீட்சை ஹால் மாதிரி ஆயிடும். டேபிள் பிடிக்கலேன்னா, ஏறின அன்னிக்கு மத்தியானம் டைனிங் ஹால் வாசல்ல மேட்டர்டீ உக்காந்திருப்பார், அவர்தான் அந்த ஹாலுக்கே பெரியவர். அங்க போய்ச் சொல்லுங்க. ராத்திரி பந்தி நடக்கும்போது வந்து கேட்டா வேலைக்காகாது.

ஏறின அன்னிக்கு மத்தியானம் அத்தனை ஜனமும் மேல் டெக்ல பஃபேக்குத்தான் ஓடும். தட்டைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு இடம் தேடுவாங்க. நிறைய கப்பல்ல அன்னிக்கு மத்தியானமே கீழ டைனிங் ஹாலும் திறந்திருக்கும், யாருக்கும் தெரியாது. அங்க போய் நிம்மதியா உக்காருங்க. இன்னொரு விஷயம்: பெட்டி சாயங்காலம்தான் ரூமுக்கு வரும். மாத்திரை, இன்சுலின் எல்லாம் தோள் பையில இருக்கணும்.

இப்ப வெஜிடேரியன் விஷயத்துக்கு வரேன். இங்கதான் நான் ஒருதடவை மாட்டினேன், இன்னும் மறக்கல.

வேலைக்குச் சேர்ந்து மூணாவது மாசம். மயிலாப்பூர் பக்கத்துலேந்து ஒரு அம்மா, மகன் மருமகளோட வந்திருந்தாங்க. தமிழ்ப் பையன்னு தெரிஞ்சதும் அவங்களுக்கு முகமெல்லாம் சந்தோஷம். மெனுவைக் காட்டி, "தம்பி, இந்த வெங்காய சூப் சைவம்தானே?"ன்னு கேட்டாங்க. "ஆமாம்மா, வெங்காயம்தான்"னேன். நெஞ்சாரத் தெரிஞ்சு சொன்ன பொய் இல்ல, வெறும் அறியாமை. பாதி கிண்ணம் குடிச்சிருப்பாங்க. பக்கத்துல வந்த பிலிப்பைன்ஸ்கார ஹெட் வெயிட்டர் கிண்ணத்தைப் பார்த்தார், அவங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிரெஞ்ச் ஆனியன் சூப்போட அடிச்சாறே மாட்டெலும்புல காய்ச்சினது. அவரே போய்க் குனிஞ்சு சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா ஸ்பூனை சத்தம் வராம கீழ வெச்சாங்க. என்னைத் திட்டல. மீதி அஞ்சு நாளும் அவங்க டைனிங் ஹாலுக்கு வரவே இல்ல, ரூம்லயே பழம் சாப்பிட்டாங்கன்னு மருமகள் சொன்னாங்க.

அதுலேந்து நான் எல்லாருக்கும் சொல்றது: பேரை நம்பாதீங்க, அடிச்சாறு எதுன்னு கேளுங்க. காளான் ரிசோட்டோன்னு போட்டிருக்கும், அது இத்தாலிக்காரங்க சோறு, அதுல கோழிச் சாறு ஊத்தியிருப்பாங்க. சீசர் சாலட்னா வெறும் கீரை இலைதானேன்னு நினைப்பீங்க. அந்த சாஸ்ல ஆங்கோவி அரைச்சிருப்பாங்க. ஆங்கோவின்னா வேற யாரும் இல்ல, நம்ம காசிமேட்டு நெத்திலியோட சொந்தக்காரன்தான். பன்னகோட்டா, மூஸ், ஜெல்லி மாதிரி இனிப்புல ஜெலட்டின் இருக்கலாம், அது மாட்டுலேந்தோ பன்னியிலேந்தோ எடுக்கிறது. அசல் பர்மேசன் சீஸ்ல பாலைத் திரிய வெக்கிறதுக்காகக் கன்னுக்குட்டி வயித்துலேந்து எடுக்கிற ரென்னட் உண்டு. முட்டை சாப்பிடாதவங்க அதைத் தனியா, அழுத்தமா சொல்லணும். கப்பல்ல வெஜிடேரியன்னா முட்டை, பால் எல்லாம் சேர்த்தின்னுதான் எடுத்துக்குவாங்க. சில வெள்ளைக்காரங்க தங்களை வெஜிடேரியன்னு சொல்லிக்கிட்டு மீன் சாப்பிடறதை நானே பரிமாறியிருக்கேன்.

செய்ய வேண்டியது என்னன்னா, டிக்கெட் போட்ட கையோட கம்பெனிக்கு எழுத்துல தெரிவிக்கணும். ஜெயின் சாப்பாடு, அலர்ஜி இதெல்லாம் ஒரு மாசத்துக்கு முன்னாடியே போயிட்டா நல்லது. அதோட விட்டுடாதீங்க. அந்த மெயில் ஆபீஸ்லேந்து கப்பலுக்கு வந்து, கப்பல்லேந்து ஹாலுக்கு வந்து, ஹால்லேந்து என் கைக்கு வர்றதுக்குள்ள எங்கயாச்சும் நின்னுபோயிருக்கும். மொத ராத்திரி உக்காந்ததும் ஹெட் வெயிட்டரைக் கூப்பிடச் சொல்லுங்க. "முட்டை வேணாம், கறிச் சாறு, மீன் சாறு வேணாம், வெங்காயம் பூண்டு பரவால்ல"ன்னு தெளிவா சொல்லுங்க. அவர் நாளைய மெனுவை அன்னிக்கே கொண்டாந்து காட்டுவார். அதுல எதை உங்களுக்காக மாத்திப் பண்ணணும்னு அப்பவே குறிச்சுக்கிட்டுப் போவார். இதுக்குக் காசு கிடையாது, யாரும் சலிச்சுக்கவும் மாட்டாங்க. கேலியில பெரும்பாலும் ஒரு இந்திய சமையல்காரராவது இருப்பார். அவருக்கும் தினம் பீஃப் கிரேவி பண்ணிப் பண்ணி அலுத்திருக்கும், பருப்பு தாளிக்கச் சொன்னா சந்தோஷமாத்தான் பண்ணுவார். சாம்பார், ரசம்னு கனவு காணாதீங்க. தால், வெஜிடபிள் கறி, பாஸ்மதி சோறு, தயிர் பெரும்பாலும் கிடைக்கும்.

காலையில ரூமுக்கே டிபன் வேணும்னாலும் அதே கதைதான். கதவுல தொங்கவிடற அட்டை ஒண்ணு ரூம்ல இருக்கும். காபியா டீயா, எத்தனை பேருக்கு, எந்த நேரத்துக்குன்னு டிக் பண்ணி ராத்திரி படுக்கும் முன்னாடி வெளிக் கைப்பிடியில மாட்டிடணும். இப்ப சில கப்பல்ல போன்லயே பண்ணச் சொல்றாங்க.

அக்காவோட புளிக்காய்ச்சல்? வேணாம்னுட்டேன். வீட்ல பண்ண சாப்பாட்டைப் பொதுவா ஏத்தவிட மாட்டாங்க. கம்பெனி சீல் பிரிக்காத ஊறுகாய், பருப்புப்பொடி பாக்கெட், முறுக்கு பாக்கெட் எடுத்துக்கலாம். திரும்பி இறங்கும்போது பஃபேலேந்து ஆப்பிள், வாழைப்பழம் பையில போட்டுக்கிட்டுக் கரைக்குப் போகாதீங்க. ஆஸ்திரேலியா, அமெரிக்கா பக்கம் அதுக்கு மோப்ப நாய் நிக்கும், அபராதமும் உண்டு.

டேபிள்ல எப்படி நடந்துக்கறதுன்னு நிறையப் பேர் பயப்படறாங்க. பயப்பட ஒண்ணும் இல்ல. ரெண்டு பக்கமும் கரண்டி, முள்ளு, கத்தி அடுக்கியிருக்கும். வெளியில இருக்கிறதுலேந்து ஆரம்பிச்சு உள்ள வாங்க. ரொட்டித் தட்டு உங்க இடது பக்கம் இருக்கிறது, வலது பக்கத்தை எடுத்தீங்கன்னா அது பக்கத்து ஆளோடது. சாப்பிட்டு முடிச்சதும் முள்ளையும் கத்தியையும் ஒண்ணா சேர்த்து தட்டுல வெச்சீங்கன்னா நாங்க எடுத்துடுவோம். பிரிச்சு வெச்சிருந்தா எடுக்க மாட்டோம். இது தெரியாம எத்தனையோ பேர் காலித் தட்டைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பாங்க, நாங்களும் பார்த்துக்கிட்டே நிப்போம். தண்ணி கேட்டா ஐஸ் போட்டுத்தான் வரும், வெந்நீர் வேணும்னா வெந்நீர்னு கேளுங்க. ஸ்டார்ட்டர்ல ரெண்டு பிடிச்சிருந்தா ரெண்டும் கேக்கலாம், மெயின்லயும் ரெண்டு வரைக்கும் கொண்டாருவோம், பில் வராது. மூணாவதுக்கு சில கம்பெனி இப்பக் காசு போட ஆரம்பிச்சிருக்கு. கூல் டிரிங்க்ஸ், சரக்கு, தனி ரெஸ்டாரண்ட் எல்லாத்துக்கும் காசு, அதுக்கு மேல சர்வீஸ் சார்ஜும் சேரும். எது ஃப்ரீன்னு சந்தேகமா இருந்தா வாய்விட்டுக் கேட்டுடுங்க.

கையால சாப்பிடலாமா? தாராளமா. சோத்தையும் பருப்பையும் முள்ளுல குத்தி யாருக்கு நிரூபிக்கப் போறீங்க? எலுமிச்சை மிதக்கிற கை கழுவற கிண்ணம் ஒண்ணு கேளுங்க, கொண்டாந்து வைப்பாங்க. கீழ க்ரூ மெஸ்ல நாங்க 16 வருஷமும் கையாலதான் சாப்பிட்டோம்.

ஃபார்மல் நைட்டுன்னு ஒரு ராத்திரி உண்டு, ஒரு வாரப் பயணம்னா ரெண்டு. ஆம்பளைங்க கோட்டு, பொம்பளைங்க கவுன். இதுக்காக எம்.சி. ரோட்டுல போய் பிளேசர் வாங்கப்போறேன்னு அக்கா வீட்டுக்காரர் கிளம்பிட்டார். உக்காரவெச்சேன். அவங்கவங்க ஊர் விழா உடுப்பு ஃபார்மல்லதான் சேர்த்தி. காஞ்சிபுரம் பட்டுக்கு மேல ஃபார்மல் எந்த நாட்டுல இருக்குது? பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்த ஒரு தாத்தாவை கேப்டனே நின்னு கைகுடுத்துப் போட்டோ எடுத்துக்கிட்டதை நான் பார்த்திருக்கேன். அரை டிரவுசர், கையில்லா பனியன், செருப்பு, இது மூணும்தான் வாசல்லயே தடுப்பாங்க. கேப்டன் டேபிள்னு ஒண்ணு இருக்கும், அது அழைப்பு வந்தாத்தான். பெரிய ரூம் எடுத்தவங்க, இருபது தடவை வந்தவங்க, இவங்களுக்கு ரூம் கதவுக்கடியில கவர் வரும். நமக்கு வராது, விடுங்க.

ஃபார்மல் நைட்டு அன்னிக்கே பெரும்பாலும் லாப்ஸ்டர் போடுவாங்க. நம்ம சிங்கி எறாதான். காசிமேட்டுல பெரிய சிங்கி கரைக்கு வந்தா அப்படியே எக்ஸ்போர்ட்டுக்குப் போயிடும், நாம கண்ணால பார்க்கிறதோட சரி. கப்பல்லதான் நான் வாழ்க்கையில மொத தடவையா ஒரு முழு வால் சாப்பிட்டேன், அதுவும் பந்தி முடிஞ்சு கேலியில நின்னுக்கிட்டே. ஒரு ரகசியம் சொல்லட்டா? அது உறைய வெச்சு வந்தது, ஆறிட்டா ரப்பர். வந்ததும் சாப்பிட்டுடணும். வெயிட்டரே டேபிள்ல ஓட்டைப் பிரிச்சுக் கொடுப்பார், கேளுங்க.

கடைசி ராத்திரிக்கு முன்னாடி பேக்ட் அலாஸ்கா ஊர்வலம். கேக்குக்குள்ள ஐஸ்கிரீம், அதுக்கு மேல முட்டை வெள்ளைக்கருவை நுரையா அடிச்சுப் பூசி சூட்டுல பொன்னிறமாக்கினது. உள்ள சில்லுன்னு இருக்கும், வெளியில சூடு. லைட்டை அணைச்சுட்டு, பாட்டுப் போட்டுக்கிட்டு, நாங்க வரிசையா தட்டைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு வருவோம். சாப்பிடறவங்க நாப்கினை எடுத்துச் சுத்தணும். நம்ம ஏரியாவுல கானாப் பாட்டுக்குத் துண்டு சுத்தறது மாதிரியேதான். வெள்ளைக்காரங்க கூச்சத்தோட சுத்துவாங்க. நம்மாளுங்க ரெண்டு பேர் இருந்தா ஹாலே ஆடிடும். முட்டை சாப்பிடாதவங்களுக்கு இது ஆகாது, அன்னிக்கு வேற இனிப்பு வேணும்னு முந்தின நாளே சொல்லணும். நள்ளிரவு பஃபேன்னு முன்னாடி இருந்தது, ஐஸ்ல மயில், தர்பூசணியில பூன்னு செதுக்கி வைப்பாங்க. இப்ப பெரும்பாலான கப்பல்ல எடுத்துட்டாங்க. ராத்திரி பன்னெண்டு மணிக்கு பீட்சா வேணா கிடைக்கும்.

கொரோனா மாத்தினது என்னன்னு கேட்கிறவங்களுக்கு. 2020 பிப்ரவரியில யோகோஹாமாவுல டயமண்ட் பிரின்சஸ் கப்பலை நிறுத்தி வெச்சாங்க. 3,711 பேர், அதுல 700 பேருக்கு மேல தொத்துச்சு. பயணிங்க ரூமுக்குள்ள அடைஞ்சிருக்க, அவங்களுக்குக் கதவு கதவா சாப்பாடு கொண்டுபோனது எங்களை மாதிரி ஆளுங்க. ஊழியர்கள்ல மொதல்ல விழுந்தவங்கள்ல பெரும்பாலானவங்க சாப்பாட்டு டிபார்ட்மென்ட்தான். மார்ச் 14 அன்னிக்கு அமெரிக்காவோட நோய்த் தடுப்பு மையம் கப்பல் ஓட்டத் தடை போட்டுச்சு. அப்ப நான் இருந்த கப்பல் பயணிங்களை இறக்கிட்டு, கரையை விட்டுத் தள்ளி நங்கூரம் போட்டுது. ரெண்டரை மாசம். எங்களை வீட்டுக்கு அனுப்பறதுல கம்பெனி காட்டின வேகத்தைப் பத்தி எழுதினா தனியா ஒரு புத்தகம் வரும், விடுங்க. ஆனா அந்த ரெண்டரை மாசம் எங்களைப் பயணிங்க ரூம்ல, பால்கனி வெச்ச ரூம்ல தங்கவெச்சாங்க. நான் 11 வருஷம் பரிமாறின அதே ஹால்ல, என் ஸ்டேஷன்ல, ஏழாம் நம்பர் டேபிள்ல, ஆளுக்கொரு மூலையா உக்காந்து சாப்பிட்டோம். மொத தடவை உக்காந்தப்போதான் தெரிஞ்சுது, அந்த நாற்காலிக்கு நேர் மேல ஏசி ஊதுது. எத்தனை பயணிங்க சால்வை கேட்டிருப்பாங்க, நான் ஏன்னே யோசிச்சதில்ல. ஏசி கீழ உக்கார வெச்சா இடம் மாத்திக் கேளுங்க.

2021 ஜூன் 26 அன்னிக்கு செலிபிரிட்டி எட்ஜ் ஃபோர்ட் லாடர்டேல்லேந்து கிளம்புச்சு, அமெரிக்காவுலேந்து டிக்கெட் வாங்கின பயணிங்களோட மறுபடி ஓடின மொதக் கப்பல். நான் அந்த வருஷம் அக்டோபர்ல ஏறினேன். பஃபேல யாரும் கரண்டியைத் தொடக்கூடாது, நாங்களே முகக்கவசத்தோட எடுத்துப் போடுவோம். மெனு அட்டைக்குப் பதிலா போன்ல கியூஆர் கோட். இப்ப பஃபே பெரும்பாலும் பழையபடி நீங்களே போட்டுக்கிறதுதான், கியூஆர் மட்டும் நிறைய இடத்துல தங்கிடுச்சு. கண்ணு தெரியலேன்னா அச்சடிச்ச மெனு கேளுங்க, வெச்சிருப்பாங்க. வாசல்லயே கை கழுவற தொட்டி வெச்சதுதான் எனக்குப் பிடிச்ச மாற்றம். கப்பல்ல வாந்தி பேதி வந்தா பெரும்பாலும் நோரோவைரஸ். அதுக்கு சானிடைசர் சரியா வேலை செய்யாது, சோப்பு போட்டுக் கழுவினாத்தான் போகும். பாட்டில்ல ரெண்டு தடவை அமுக்கிட்டு உள்ள போறவரைப் பார்த்தா எனக்கு இப்பவும் கை அரிக்குது.

"மிச்சம் மீதியை மறுநாள் கலந்து போடுவாங்களாமே?"ன்னும் அக்கா கேட்டாங்க. பஃபேல வெச்ச சாப்பாட்டுக்கு நேரம் எழுதியிருப்போம். நாலு மணி நேரம் தாண்டினா குப்பைதான், ராஜா வீட்டு பிரியாணியா இருந்தாலும். அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போற கப்பல்ல சொல்லாம கொள்ளாம அந்த நாட்டு சுகாதார இன்ஸ்பெக்டர் ஏறுவார், அவங்களை நாங்க யுஎஸ்பிஹெச்னு சொல்வோம். 100க்கு மார்க், 85ஐத் தாண்டலேன்னா ஃபெயில். "யுஎஸ்பிஹெச் வந்துட்டான்"னு போன் வந்தா கேலியில எல்லாருக்கும் வயித்தைக் கலக்கும்.

கடல் கொந்தளிச்சா டேபிள் துணியில தண்ணி தெளிப்போம், ஈரத்துல தட்டு வழுக்காது. அதைப் பார்த்துட்டுப் பயப்பட வேணாம். அன்னிக்குக் கப்பலோட நடுவுல, கீழ் டெக்ல இருங்க. பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கேளுங்க, வெயிட்டருக்கு உடனே புரிஞ்சுடும்.

டிப்ஸ் பத்திச் சொல்லியே ஆகணும். அந்தக் காலத்துல கடைசி ராத்திரி கவர்ல போட்டுக் கையில கொடுப்பாங்க. இப்ப ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை டாலர்னு உங்க கணக்குலயே ஏறிடும், 16லேந்து 20 டாலர் வரைக்கும் பல கம்பெனியில. கடைசி நாள் கவுண்டர்ல போய் "இதை எடுத்துடுங்க"ன்னு சொல்றவங்க உண்டு. நம்மவங்கள்ல அதிகம், மறைக்க ஒண்ணும் இல்ல. எடுக்கிறதுக்கு உரிமை இருக்குதுதான். ஆனா எங்க அடிப்படைச் சம்பளம் கம்மி, வீட்டுக்கு நாங்க அனுப்பினது பெரும்பாலும் அந்தப் பணம்தான். அதைக் கட்டணத்தோட சேர்த்தியா நினைச்சு ஆரம்பத்துலயே கணக்குப் பண்ணிக்குங்க. அதுக்கு மேல கவர் கொடுக்கிறது உங்க இஷ்டம்.

சிங்கப்பூர் வரைக்கும் போக முடியாதவங்களுக்கு நம்ம துறைமுகத்துலயே வழி உண்டு. 2022 ஜூன்ல கார்டீலியா கம்பெனியோட எம்ப்ரஸ் கப்பல் சென்னையிலேந்து கிளம்புச்சு, அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைச்சார். 1990ல பிரான்ஸ்ல கட்டின கப்பல் அது. வருஷம் பூரா இங்க நிக்கிறதில்ல, சீசனைப் பார்த்துட்டுப் போடணும். அதுல நம்மூர் சாப்பாடு கிடைக்கும்கிறதால மேல சொன்ன தால் பஞ்சாயத்து இல்ல. பந்தி நேரம், ஏறின நாள் கூட்டம், கை கழுவறது எல்லாம் அங்கயும் அதேதான்.

அக்கா போன வாரம் ஏறினாங்க. ரெண்டாம் நாள் ராத்திரி வாட்ஸ்அப்ல வாய்ஸ் வந்துச்சு, பின்னாடி தட்டு சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம். "எப்பா, நாகர்கோவில் பையன்பா எங்க வெயிட்டரு. நாளைக்குத் தயிர் சோறு சொல்லிட்டேன். கடுகு இருக்காம், கறிவேப்பிலை இல்லியாம். இதையும் நீ மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"